உடுக்கும் ராப்பும்: யொருபா மேளத்திடம் கற்று மட்டக்களப்பில் ஒரு பாட்டைக் கட்டும் முறை

மத்தள ஒலித்துண்டு ஒன்றை 808 என்ற மின்னணு மேளப்பெட்டியின் பேஸின்மேல் ஒட்டி, அதன்மேல் வேகமாகப் பேசினால் கூத்து ராப் ஆகிவிடாது. அப்படிச் செய்த பாட்டில் மேளம் ஒரு பக்கம் நிற்கும், சொல் இன்னொரு பக்கம் ஓடும். இரண்டையும் கட்டிப்போடும் வழியை நைஜீரியாவின் யொருபா இசைக்காரர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். டாக்ரின், ஒலமிடே போன்றவர்கள் லாகோஸில் யொருபாவிலேயே ராப் செய்தார்கள். லண்டனில் யொருபாப் பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்த லிட்டில் சிம்ஸ் ராப் பாடகி, நடிகையும்கூட. 2022இல் மெர்க்குரி விருது பெற்றவர். வாஷிங்டனில் வளர்ந்த வாலேயின் பெற்றோரும் யொருபாக்காரரே. பெற்றோரின் மொழியையும் தாம் வளர்ந்த நகரத்தின் இசையையும் ஒன்றாக வைத்துப் பாட நினைக்கும் எவருக்கும், மட்டக்களப்புக் கல்லடியில் இருந்தாலும் டொரண்டோவில் இருந்தாலும், அந்த மரபில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. எடுக்க வேண்டியது அவர்களுடைய ஒலியை அல்ல, முறையை.

மேளம் எப்படிப் பேசுகிறது

யொருபா மூன்று சுருதி நிலைகளில் பேசும் மொழி: மேல், நடு, கீழ். ஒரே எழுத்துக்கூட்டம் சுருதி மாறினால் கணவன் ஆகும், மண்வெட்டி ஆகும், வண்டி ஆகும், ஈட்டியும் ஆகும். டுண்டுன் என்ற இடை சிறுத்த மேளத்தைக் கக்கத்தில் இடுக்கி, பக்கவாட்டு வார்களை அழுத்தித் தளர்த்தி, வளைந்த கோலால் அடிக்கும்போது அந்த மூன்று நிலைகளும் அப்படியே மேளத்தில் வந்துவிடும். தெரிந்தவர் காதில் அது வாக்கியமாகவே கேட்கும்.

தமிழில் சுருதி பொருளை மாற்றாது. நீளம் மாற்றும். "வீடு" என்பதைக் குறுக்கினால் "விடு", "பாடு" குறுகினால் "படு". ஆகவே யொருபா மெட்டை எடுத்துத் தமிழ்ச் சொல்லில் போட்டால் வெறும் அலங்காரம்தான் மிஞ்சும். மேளமும் வாயும் ஒரே குறில் நெடிலில் நடந்தால்தான் அவர்கள் செய்த வேலையை நாமும் செய்ததாகும். கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

உடுக்கைத் தயார் செய்தல்

டுண்டுனுக்கு நம்மிடம் நெருங்கிய உறவு உடுக்கு. அதுவும் இடை சிறுத்தது, கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறுவது. இடது கை இடையைப் பிடித்து அழுத்த, வலது கை விரல்கள் அடிக்கும். சொந்தமாக ஒன்று வாங்குங்கள். கோயில் உடுக்கை ஒலிப்பதிவுக்காகக் கேட்டு எடுக்க வேண்டாம். கண்ணகி அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்திப் பாடல்களையும் சடங்கில் வைத்துப் பதிந்து வெட்டி ஒட்டக் கூடாது. ஏதாவது ஒரு வரி தேவையென்றால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் பூசை செய்பவரிடமும் முதலில் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். யொருபாவிலும் பாட்டா மேளம் தெய்வ வழிபாட்டோடு பிணைந்தது. அதன் ஒலியை இணையத்தில் இருந்து இறக்கிப் பின்னணியாகப் போடுவதும் அதே தவறுதான்.

முதல் பயிற்சி மூன்று சுருதி. கயிற்றைத் தொடாமல் அடிப்பது கீழ், பாதி அழுத்தி அடிப்பது நடு, முழுதாக அழுத்தி அடிப்பது மேல். தொலைபேசியில் டியூனர் செயலியைத் திறந்து வைத்து, ஒவ்வொன்றையும் இருபது முறை அடித்து, ஒரே சுரத்தில் வருகிறதா என்று பாருங்கள். நடுச்சுருதிதான் பிடிபட நாளாகும். அடுத்தது இழுப்பு. அழுத்திவிட்டு அடித்தால் சுருதி படியேறியதுபோல் நிற்கும், அடித்துவிட்டு அழுத்தினால் வழுக்கி ஏறும். நெடிலுக்கு வழுக்கல், குறிலுக்குத் தனி அடி. இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மாரி காலத்தில், கார்த்திகை மார்கழி ஈரத்தில், தோல் தொய்ந்து கீழ்ச்சுருதி செத்துப்போகும். வெயில் கிடைத்தால் பத்து நிமிடம் காயவிடுங்கள். இல்லாவிட்டால் தணலுக்கு மேல் கை பொறுக்கும் சூட்டில் தூக்கிப் பிடியுங்கள். நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய தோல் வெடித்துவிடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிர்மாறாக இறுகி, மூன்று சுருதியும் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். அப்போது கயிற்றைச் சற்றுத் தளர்த்திக் கட்ட வேண்டும்.

பன்னிரண்டு துடிப்பு

பதிவு மென்பொருள் கணினியில் ரீப்பர், தொலைபேசியில் பேண்ட்லாப், எது என்றாலும் போதும். வேகத்தை 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 அடி) வையுங்கள். நாலு அடித் தாளத்தில் ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்தால் ஒரு வட்டத்துக்குப் பன்னிரண்டு துடிப்பு: தகிட தகிட தகிட தகிட. கட்டத்தில் (கிரிட்) மூன்றாகப் பிரிக்கும் டிரிப்லெட் தெரிவைப் போடாவிட்டால் மென்பொருள் ஒவ்வொரு அடியையும் நாலாகப் பிரித்து, நீங்கள் வைத்த அடிகளை இடம் மாற்றிவிடும்.

கிக் 1, 7 ஆகியவற்றில். கைதட்டு அல்லது ஸ்னேர் 4, 10 ஆகியவற்றில். இனி மேற்காப்பிரிக்கா முழுக்கக் கேட்கும், யொருபா இசையிலும் வரும் மணித்தாளத்தைக் கூத்தின் கைத்தாளமான சல்லாரியில் வையுங்கள்: 1, 3, 5, 6, 8, 10, 12. சல்லாரி இல்லையென்றால் பொல்லடிக் கோல் இரண்டு போதும். நாலு அடிகளில் மணி சேர்ந்து விழுவது 1இலும் 10இலும் மட்டும்தான். 4க்கும் 7க்கும் அது இரு பக்கமும் நின்று நடுவை வெறுமையாக விடும். பழகாத கை அந்த வெறுமையைப் பொறுக்காமல் 3ஐயும் 5ஐயும் 4க்கு இழுத்துவிடும், உடனே அசைவு போய் அணிவகுப்பாகிவிடும். காலால் நாலு அடியும் கையால் மணியும் ஒன்றாக ஐந்து நிமிடம் தடுமாறாமல் போகும்வரை பதிவைத் தொடங்க வேண்டாம்.

சொல்லைக் கட்டுதல்

குறிலுக்கு ஒரு துடிப்பு, நெடிலுக்கு இரண்டு. "கண்", "வந்" போன்று குறிலும் மெய்யும் சேர்ந்த அசைக்கும் இரண்டு, ஆனால் அவசரத்தில் அதை ஒன்றாக நெருக்கலாம். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் ஒன்றுதான். நெடிலை மட்டும் ஒருபோதும் நெருக்காதீர்கள்.

தோணி ஏறி வாவி தாண்டி
ஏணி போட்டு வானை வேண்டி

ஒவ்வொரு சொல்லும் இரண்டும் ஒன்றுமாக மூன்று துடிப்பு. நாலு சொல், பன்னிரண்டு, ஒரு வட்டம். எதுகை (தோணி, ஏணி) துடிப்பு 1இல் விழுகிறது. கடைசிச் சொல்லின் இயைபு (தாண்டி, வேண்டி) 10இல் தொடங்குகிறது. மணியும் மேளமும் சேரும் அதே இரண்டு இடம். ஆங்கில ராப்பைக் கேட்டுப் பழகியவர்கள் எல்லாப் பலத்தையும் வரியின் வாலிலேயே வைப்பார்கள். நம் காது எதுகைக்குப் பழகியது, வரியின் தலையிலும் எதிர்பார்க்கும். இரண்டையும் கொடுங்கள்.

இப்போது இதை வையுங்கள்:

நிலவு சிதறி அலையி லுருகி

பன்னிரண்டும் குறில். அதே வட்டம், அதே வேகம், ஆனால் முன்னைய வரியில் எட்டு அசை, இதில் பன்னிரண்டு. கேட்பவருக்கு வேகம் கூடியதாகத் தோன்றும், பிபிஎம் அப்படியே இருக்கும். தமிழில் பாய்ச்சலை ஏற்றி இறக்கும் விசை இதுதான். நெடில் வரி இரண்டு, குறில் வரி ஒன்று, மீண்டும் நெடில் வரி ஒன்று என்று நாலு வட்டங்களைக் கட்டிப் பாருங்கள். பதினாறு வட்டமும் குறிலாகப் போனால் மூச்சும் போகும், பொருளும் போகும்.

எழுதியதும் பாட வேண்டாம். முதலில் உடுக்கில் மட்டும் அடியுங்கள். குறில் ஒரு தனி அடி, நெடில் ஒரு வழுக்கல். பக்கத்தில் ஒருவரை வைத்து, சொல்லைக் காட்டிய பிறகு அடித்துக் காட்டி, எந்த வரி என்று கேளுங்கள். நெடில் வரியையும் குறில் வரியையும் அவரால் பிரித்தறிய முடியவில்லையென்றால் கையில் குறை, சொல்லில் அல்ல.

ஊர்ப் பேச்சில் எழுதுங்கள். "மறுகா" (பிறகு), "கிறுகி" (திரும்பி), "மனே" (மகனே) எல்லாம் சென்னைக் கானாவில் கிடைக்காதவை, தாளத்துக்கும் நல்லவை. "கிறுகி" மூன்று குறில், ஒரு தகிட. "மறுகா" நாலு துடிப்பு, அதனால் அது அடுத்த அடிக்குள் நீண்டு விழும். அந்த வழிதலை வேண்டுமென்றே வையுங்கள். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்துக் கவி தெரிந்த மூத்தவர் வீட்டில் இருந்தால் நாலடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மேளமே இல்லாமல் நீளத்தை வைத்து மட்டும் நடக்கும் பாட்டு அது. இதைவிட நல்ல பாடம் இல்லை.

யொருபாச் சொல் ஒன்றைக் கொக்கியில் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதியில்) சேர்க்க ஆசைப்பட்டால், அந்த மொழிக்காரர் ஒருவரைப் பேசிப் பதிந்து அனுப்பச் சொல்லி, அந்த ஏற்ற இறக்கத்திலேயே மெட்டை அமையுங்கள். மெட்டை முதலில் போட்டுச் சொல்லைப் பிறகு திணித்தால் பொருள் மாறிவிடலாம். ஓட்டோடியூனையும் அந்தச் சொல்லில் போட வேண்டாம், அது சுருதியை இழுத்து வேறு சொல்லாக்கிவிடக் கூடும்.

கொக்கிக்குப் பக்கப்பாட்டு

யொருபாப் பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கூட்டம் திருப்பிச் சொல்லும். கூத்தில் பக்கப்பாட்டு செய்யும் வேலையும் அதுவே. எட்டு வட்டக் கொக்கியில் எடுப்பு இரண்டு, கூட்டம் இரண்டு, மறுபடி அப்படியே. கூட்டத்தின் வரி எடுப்பைவிடச் சிறியதாக, நெடில் மிகுந்ததாக இருக்கட்டும். கூத்தாடும் களரியைச் சுற்றி இருக்கும் சனம் ஒருமுறை கேட்டதும் சேர்ந்துகொள்ள வேண்டும். ஐந்து பேர், ஒரு மைக், ஒரு மீற்றர் தூரத்தில் வட்டமாக. மூன்று முறை பதியுங்கள், ஒவ்வொரு முறையும் இடம் மாறி நிற்கட்டும். பதினைந்து குரல் கிடைக்கும். ஒரே பதிவைப் பிரதி எடுத்து அடுக்கினால் குரல் தடிக்காது, சத்தம் மட்டும்தான் கூடும்.

ஒலிப்பதிவு

உடுக்கின் அடி கூர்மையானது. மைக்கை ஐம்பது சென்ரிமீற்றர் தள்ளி, தோலுக்கு நேராக அல்லாமல் சரிவாக வையுங்கள். உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. வெட்டுப்பட்ட அடியைப் பிறகு எந்தச் செருகுநிரலும் முழுதாகத் திருத்தாது. மத்தளத்துக்கு ஒரு மைக் என்றால் முன்னால் எழுபது சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தால் ஒன்றின் ஒலியலை மற்றதற்குத் தலைகீழாக வந்து அடிச்சத்தம் காணாமல் போகலாம். ஒன்றில் போலாரிட்டியை மாற்றிக் கேட்டு, எதில் அடி தடிப்பாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஓட்டு வீட்டில் மழை நாளில் பதிவு நடக்காது. கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி ஓயும் நேரத்தை விசாரித்து வையுங்கள். அலுமாரிக்குள் தொங்கும் உடுப்புகளுக்கு முன்னால் நின்று பாடினால் குரலில் அறை எதிரொலி அடங்கும்.

கலவை

உடுக்கின் கீழ்ச்சுருதி எந்தச் சுரமோ அதே சுரத்தில் 808ஐ அமையுங்கள். பெரும்பாலான பாட்டுகள் இங்குதான் சறுக்குகின்றன. அரைச்சுரம் தவறினால் காரணம் தெரியாமலே பாட்டு எரிச்சலூட்டும். மத்தளத்தின் 90 ஹேர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டி அந்த இடத்தைப் பேஸுக்குக் கொடுங்கள். உரத்த அடியை அமுக்கும் கம்பிரசர் போட்டால் தாக்கு நேரம் (அது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 25 மில்லிசெக்கன். அதைவிடக் குறைத்தால் விரல் படும் ஓசையே அமுங்கிப்போகும். முடித்ததை ஒரு முச்சக்கர வண்டியின் ஸ்பீக்கரிலும் சாதாரணத் தொலைபேசியிலும் கேளுங்கள். தொலைபேசியில் 808 மறைந்தால் அதற்குச் சற்று சாச்சுரேஷன் (மெல்லிய கரகரப்பு) கொடுங்கள், சத்தத்தைக் கூட்ட வேண்டாம்.

வரவும் மேடையும்

கூத்தில் பாத்திரம் களரிக்குள் வரும்போது யார் வருகிறார் என்று சபைக்குப் பாட்டு சொல்லும். யொருபாவில் ஒருவரின் பெயர், பரம்பரை, ஊர், செய்கை எல்லாவற்றையும் சொல்லிப் போற்றும் பாட்டுக்கு ஒரிக்கி என்று பெயர். ராப்பின் தற்பெருமையை இந்த இரண்டின் வழியாகக் கொண்டுவாருங்கள். முதல் எட்டு வட்டம் வரவு: ஊர், வாவிக்கரையா வயற்கரையா, தாய் என்ன செய்தார், நான் என்ன செய்கிறேன். குடியை (தாய்வழிக் குலத்தை) சொல்லிப் பெருமை பேச வேண்டாம். மேடைக்கு முன்னால் மற்றக் குடிக்காரரும் இருப்பார்கள், பாட்டு சண்டையில் முடியும். வரவை நீங்களே பாடாமல் பக்கப்பாட்டுக்குக் கொடுத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும், உங்களுக்கு ஆடி நுழைய மூச்சும் மிஞ்சும்.

ஆட்டத்தோடு பாடுவதற்கு மூச்சுக் கணக்கு வேண்டும். 90 பிபிஎம்மில் இரண்டு வட்டம் என்பது ஏறத்தாழ ஐந்தேகால் செக்கன். ஆடும் உடலுக்கு அதற்கு மேல் ஒரு மூச்சு தாங்காது. ஒவ்வொரு இரண்டாம் வட்டத்திலும் துடிப்பு 12ஐச் சொல் இல்லாமல் விட்டு, ஏட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். மணி அங்கே அடிப்பதால் ஓட்டை தெரியாது. வடமோடிக் கூத்தின் அகன்ற கரப்புடுப்பு அழகானது, ஆனால் மைக் பெட்டியும் கம்பியும் அதற்குள் நிற்காது. சதங்கை கட்டினால் தலையில் மாட்டும் மைக்கைவிடக் கையில் பிடிக்கும் மைக்கே நல்லது. சதங்கை ஒலிக்கும் இடத்தில் வாயிலிருந்து விலக்கலாம். களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும் என்பதால் ஸ்பீக்கர்களைச் சனத்துக்கும் ஆடுபவருக்கும் இடையில், முகம் வெளியே பார்க்க வையுங்கள். ஆடும்போது நீங்கள் ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் மைக் கூவும், ஆகவே ஒத்திகையிலேயே அந்த எல்லையைச் சுண்ணாம்பால் கீறிவிடுங்கள்.