பொரியாத கில்லி மீன் முட்டைகள்: என் அனுபவம்

சான்சிபார் தீவின் மழைக்குட்டைகளில் வாழும் நோத்தோபிராங்கியஸ் குந்தேரி கில்லி மீன் என்னிடம் இருக்கிறது. குட்டை வற்றினாலும் அதன் முட்டைகள் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும். ஈரமான தென்னை நார்த்தூளில் 3 மாதம் மூடிவைத்திருந்த முட்டைகளை நனைத்தேன், ஒன்றுகூடப் பொரியவில்லை. தண்ணீரை மாற்றினேன், சூடாக்கியும் பார்த்தேன். நான்கு நாள் வீண்.

அப்புறம்தான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். செத்த முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். இவை பளிங்குபோலத் தெளிவாக இருந்தன. உறக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். குஞ்சு தயாரானால் முட்டைக்குள் கண்ணைச் சுற்றிப் பொன்னிற வளையம் தெரியும். அது வந்துவிட்டதா என்று பார்க்காமலே நனைத்துவிட்டிருந்தேன்.

நார்த்தூளைப் பிழிந்து, பையில் கட்டி, மேலும் ஐந்து வாரம் 26 டிகிரியில் வைத்தேன். வளையம் தெரிந்ததும் 18 டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் காலையில் முப்பதுக்கும் மேல் குஞ்சுகள். அப்பாடா! அன்றே ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகளை இரையாகக் கொடுத்தேன்.