ஒரு பெட்டியை விற்று மறு பெட்டியைக் குடித்தேன்

லண்டனில் சம்பளம் வந்த வாரமே பிரான்சின் போர்தோ பகுதி ஒயின் நாலைந்து பாட்டில்களை வாங்கிவிடுவேன். கிரெடிட் கார்டு பில் ஏறியது போதாதென்று, ஒரு கோடையில் சமையலறை அலமாரியைத் திறந்தால் வெக்கையில் ஒரு பாட்டிலின் கார்க் மேலே எழும்பி, கழுத்தெல்லாம் பிசுபிசுவென்று ஒழுகியிருந்தது. மனசு ஆறவே இல்லை.

சில்லறையாக வாங்குவதை அன்றோடு நிறுத்தினேன். 2016 அறுவடை போர்தோ, 2017 வசந்தத்தில் பீப்பாயில் இருக்கும்போதே 'ஆன் பிரிமர்' என்ற முன்விற்பனைக்கு வந்தது. ஒரே ஒயினில் ஆறு பாட்டில் பெட்டி இரண்டு எடுத்தேன். பாட்டிலில் அடைத்து வர இரண்டு வருடம் ஆனது. வந்ததும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேராக 'பாண்டட்' கிடங்கில், அதாவது வரி கட்டாமலே சரக்கை வைத்திருக்கும் கிடங்கில் வைத்தேன். வெளியே எடுக்கும்வரை மதுவரியும் 20 சதவீத வாட் வரியும் கிடையாது, வருட வாடகை மட்டும்தான். குளிர்ச்சி சீராக இருக்கும் என்பதால் விற்கும்போது வாங்குபவரும் நம்புவார்.

2022-இல் ஒரு பெட்டியை வாங்கிய விலையைப் போல ஒன்றரை மடங்குக்கு விற்றேன். மற்றது பாதி விலைக்கு வந்த கணக்கு. எல்லா ஒயினும் இப்படி ஏறாது, அதற்குப் பிறகு சந்தை இறங்கவும் செய்தது. அதனால் விற்க முடியாமல் போனாலும் குடிக்க ஆசைப்படும் ஒயினை மட்டுமே வாங்குகிறேன்.