மூடப்பட்ட சிறு உயிரியல் பூங்காக்களைக் கண்டறிய ஒரு வழி

இந்தியாவில் மூடப்பட்டுவிட்ட சிறு உயிரியல் பூங்கா, மான் பூங்கா, பறவைப் பூங்கா ஆகியவற்றைத் தேடுவோர், மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரம் மறுத்த இடங்களின் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். 1992-இல் ஆணையம் அமைந்த பின், மக்கள் பார்வைக்கு விலங்குகளை வைத்திருக்கும் இடம் எதுவும் அதன் அங்கீகாரமின்றி இயங்க முடியாது என்பதால், நகராட்சிப் பூங்காவின் மூலையில் சில புள்ளிமான்களும் ஒரு கிளிக்கூண்டுமாக இருந்த இடங்கள்கூட மதிப்பீட்டுக்கு வந்தன. அவற்றில் 300-க்கும் மேற்பட்டவை மறுக்கப்பட்டன. எளிதில் மறக்கப்படுபவையும் இத்தகைய இடங்களே. விலங்குகள் வேறு பூங்காவுக்கு மாற்றப்பட்டிருந்தால், அதன் ஆண்டு இருப்புப் பட்டியலிலும் தடயம் கிடைக்கலாம். ஆணையம் வருவதற்கு முன்பே மூடப்பட்டவற்றுக்கு இவ்வழி உதவாது: 1985-இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்த சென்னை மூர் மார்க்கெட் விலங்குக் காட்சிசாலை போன்றவற்றுக்குப் பழைய நகர வரைபடங்களையும் நாளிதழ்த் தொகுப்புகளையுமே நாட வேண்டும்.