ஓபிஎஸ் போடும் முன் கார்டைப் பாருங்கள்
திரையைப் பதிவு செய்யவும் நேரலை விடவும் உதவும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருள், 2022-இல் வந்த 28-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டிலும் ஓடாது. உங்கள் விண்டோஸ் சரியென்றால் அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. அதில் வீடியோ என்கோடர் (வீடியோவைச் சுருக்கித் தரும் பகுதி) தனியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்த பாரமும் சிபியு தலையில் விழுந்து கேமே திக்கும். ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 இரண்டிலும் அது கிடையாது, மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். இன்டெல் சிபியு பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, ஆகவே அதிலிருக்கும் இன்டெல் என்கோடரான குயிக் சிங்க்கும் இல்லை.

அப்புறம் ஓபிஎஸ் செட்டிங்ஸில் அவுட்புட் போய் என்கோடர் பட்டியலைத் திறந்து பாருங்கள். சிபியுவை வைத்து ஓடும் எக்ஸ்264 மட்டும் இருந்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள், அப்போதும் வேறெதுவும் வராவிட்டால் 720பி, 30 ஃபிரேமில் ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.