பழைய கார்பன் சைக்கிள் வாங்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாயிற்று, எந்தச் சத்தமும் இல்லை. இவ்வளவையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. ஸ்டீல் பிரேமோ அலுமினியப் பிரேமோ பலமாக அடிபட்டால் நெளியும், குழி விழும், பார்த்தாலே தெரிந்துவிடும். கார்பன் அப்படியில்லை. எபாக்சி பிசினில் தோய்ந்த இழைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வதுதான் கார்பன் பிரேம். இழை ஓடும் திசையில் அது மிக வலுவானது. பக்கவாட்டில் விழும் குத்து, இறுக்கிப் பிழியும் அழுத்தம் இரண்டும்தான் அதற்கு ஆகாதவை. அப்படி அடி விழுந்தால் உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோகும். வெளியே பெயின்டில் ஒரு சின்னத் தழும்புகூட இல்லாமல் போகலாம்.

அதனால் பிரேமை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. சைக்கிள் விழுந்திருந்தால் அதன் அடையாளம் மற்ற உதிரிபாகங்களில்தான் இருக்கும். பிரேக் லீவர்களின் வெளிப்பக்கம், பெடலின் முனை, சீட்டின் ஓரம், பின் டீரெய்லரின் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) வெளிமுகம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் எல்லாவற்றிலும் தேய்ப்பு இருந்தால் அந்தப் பக்கமாக விழுந்திருக்கிறது. டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் உள்நோக்கி வளைந்திருப்பதும் அநேகமாக வலப்பக்கம் விழுந்ததன் அறிகுறிதான். பழைய சைக்கிளில் ஹேண்டில்பார் டேப்பும் லீவர் ரப்பரும் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். அதன் முனையோ லீவரோ டாப் ட்யூபில், அதாவது பிரேமின் மேல் குழாயில், எங்கே வந்து முட்டுகிறது என்று கவனியுங்கள். விழும்போது ஹேண்டில்பார் சுழன்று அடிப்பது அந்த இடத்தில்தான். டாப் ட்யூபின் சுவர் பல பிரேம்களில் மெல்லியது. அங்கே கட்டைவிரலால் அழுத்தி, மற்ற இடத்தைவிட மெத்தென்று அமுங்குகிறதா, நறநறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஏதாவது தெரிந்தால் பேரத்தை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காரின் பின்னால் மாட்டும் ரேக்கிலோ ரிப்பேர் ஸ்டாண்டிலோ டாப் ட்யூபைக் கவ்விப் பிடித்து இறுக்கும் பழக்கம் உரிமையாளருக்கு இருந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். விழாத சைக்கிள்கூட அப்படி நசுங்கியிருக்கலாம்.

அழுக்கோடு இருக்கும் சைக்கிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரத்துணியால் துடைத்த பிறகு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மறையும் கோடுகள் சாய்வான வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் பெரும்பாலும் மேல்பூச்சுக் கீறல். நகம் மாட்டினாலோ, கோட்டின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, இழை பிசிறாக வெளியே தெரிந்தாலோ அது வேறு விஷயம். அலுமினியத் துண்டும் கார்பனும் சேரும் இடங்களில் பெயின்ட் மட்டும் வெடித்திருப்பது உண்டு. ஆனால் அது பெயின்டோடு நிற்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது.

நாணயத்தால் தட்டிப் பார்க்கும் முறையைப் பலர் நம்புகிறார்கள். நல்ல இடத்தில் கணீரென்றும் அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும் என்பது சரிதான். ஆனால் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்), ஹெட் ட்யூப் (பிரேமின் முன்பக்கக் குழாய்) பக்கம் போகப்போகச் சுவரின் தடிமன் கூடும். அங்கே சத்தம் எப்படியும் மாறும். வலப்பக்கம் ஒலித்ததை இடப்பக்கத்தின் அதே இடத்தோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது அர்த்தம் கிடைக்கும். சந்தேகத்தைக் கிளப்ப இந்தச் சோதனை போதும். சைக்கிள் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுக்கப் போதாது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, ஸ்டீயரர் ட்யூபைப் பார்க்காமல் வாங்குவது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலிருந்து மேலே போய், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மைத் தாங்கும் குழாய் அது. ஹெட் ட்யூபுக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. 2006 பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காபி என்ற வீரர் முதலில் ஒரு முறை விழுந்தார், எழுந்து தொடர்ந்து ஓட்டினார். பிறகு ஸ்டீயரர் முறிந்து ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது. அந்தக் குழாய் அலுமினியம்தான். ஆனாலும் மறைவான இடத்தில் விழும் அடி பிறகு எப்படி வெளிப்படும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. மேல்மூடியின் போல்ட்டைக் கழற்றி, ஸ்டெம்மைத் தளர்த்தி எடுத்தால் ஃபோர்க் கீழே இறங்கிவிடும். பிரேக் கேபிளும் ஹோஸும் ஹெட்செட் (ஹெட் ட்யூபின் பேரிங் தொகுதி) வழியாக உள்ளே போகும் மாடல் என்றால் இதற்கு மெக்கானிக் தேவைப்படும். கிரீஸைத் துடைத்துவிட்டு, ஸ்டெம் கவ்விய இடத்தில் வட்டமான தடமோ வெட்டோ இருக்கிறதா, கீழ் பேரிங் உட்காரும் இடத்தில் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

சீட் போஸ்ட்டையும் வெளியே இழுக்க வேண்டும். வர மறுத்தால் அதுவே மோசமான அறிகுறி. அலுமினியப் போஸ்ட் கார்பன் பிரேமுக்குள் அரித்துப் பிடித்துக்கொள்வது நடக்கிற விஷயம். போஸ்ட்டில் குறைந்தபட்ச ஆழத்துக்கான கோடு போட்டிருக்கும். அதற்கு மேல் உயர்த்தி ஓட்டியிருந்தால் சீட் ட்யூபின் வாய்ப்பகுதியில் வெடிப்பு வரலாம். கிளாம்ப்பில் அச்சிட்டிருக்கும் 5 நியூட்டன் மீட்டர் போன்ற இறுக்க அளவைப் பொருட்படுத்தாமல் கையால் முறுக்கியிருந்தால் போஸ்ட்டில் பள்ளமான வளையம் தெரியும்.

வலப்பக்கச் செயின்ஸ்டேயில் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) செயின் கழன்று சிக்கிய வெட்டுகளையும், பிரேமின் கீழ்க் குழாயான டவுன் ட்யூபின் அடியில் கல் தெறித்த இடங்களையும் பாருங்கள். ரிம் பிரேக் உள்ள கார்பன் சக்கரம் என்றால் பிரேக் பிடிக்கும் பரப்பில் சுற்றிலும் விரலை ஓட்டுங்கள். சூட்டில் உப்பியிருந்தால் விரலுக்குத் தட்டுப்படும்.

ரிப்பேர் செய்த பிரேம் என்றாலே ஓட வேண்டும் என்பதும் தவறான எண்ணம். கார்பனை முறையாகச் சரிசெய்ய முடியும். யார் செய்தார்கள், அடுக்கு வைக்கும்போது எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் ஒளித்த ரிப்பேரைத்தான் தொடக்கூடாது. ஃபோர்க்கும் ஹேண்டில்பாரும் வேறு கணக்கு. அவை ரிப்பேர் ஆனவை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் பொதுவாக இருக்கும் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்திடம் விசாரித்தால், மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்பதும் பிரேம் போலியா என்பதும் தெரியவரலாம். பாகங்களுக்கும் இது பொருந்தும்: உதிரிபாக நிறுவனமான ஷிமானோ 2023-இல் தன் 11-ஸ்பீட் ஹாலோடெக் கிராங்குகள் (பெடலைத் தாங்கும் கைகள்) பலவற்றைச் சோதனைக்கு அழைத்தது, அவற்றில் ஒட்டு பிரியும் பிரச்சினை இருந்ததால்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் மிச்சமிருந்தால் அல்ட்ராசவுண்ட் சோதனை செய்பவரிடம் கொண்டுபோகலாம். அந்தச் செலவையும் ஒரு புது ஹேண்டில்பாரின் விலையையும் பேரம் பேசும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். வரலாறு தெரியாத கார்பன் ஹேண்டில்பாரை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிட்டே முதல் தடவை ஓட்டுங்கள்.