பழைய கடற்கரை அஞ்சலட்டையில் நிற்கும் கட்டடம் எது எனக் கண்டறிவது எப்படி?

பழைய பட அஞ்சலட்டை ஒன்றில் கடற்கரையும், அதன் ஓரத்தில் ஒரு கோபுரமோ மணிக்கூண்டோ குவிமாட மண்டபமோ தெரிகின்றன. ஊர்ப்பெயர் மட்டும் அச்சாகவில்லை, அல்லது விளிம்போடு வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. இத்தகைய அட்டையைக் கண்டதும் பலரும் அந்தக் கட்டடத்தையே உற்றுப் பார்த்து, எங்கோ கண்ட நினைவைக் கொண்டு ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். இவ்வகை அட்டைகள் மிகுதியாகக் கிடைக்கும் பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் இந்த வழி எளிதில் ஏமாற்றிவிடும். விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா (1887), வைரவிழா (1897) ஆகியவற்றை ஒட்டி ஊருக்கு ஊர் மணிக்கூண்டுகள் எழும்பின. கடலுக்குள் நீளும் பியர்களில் பதினான்கை யூஜீனியஸ் பிர்ச் என்ற ஒரே பொறியாளர் வடிவமைத்தார். ஆகவே கட்டடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அதன் அக்கம்பக்கத்தை முதலில் விசாரிப்பதே சரியான முறை.

அதற்கும் முன்னதாக அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் நடுக்கோடு இட்டு, ஒரு பாதி செய்திக்கும் மறுபாதி முகவரிக்கும் ஒதுக்கப்பட்டிருந்தால், பிரிட்டனில் அது 1902க்கு முன் அச்சானதாக இருக்க முடியாது. ஜெர்மனியில் இந்த முறை 1905இலும் அமெரிக்காவில் 1907இலும் வந்தது. தபால்தலையில் அரசர் ஏழாம் எட்வர்டு இருந்தால் அது 1901 முதல் 1910 வரையிலான ஆட்சிக் காலத்தில் வெளியான தலை. பிரிட்டனுக்குள் அஞ்சலட்டைக் கட்டணம் 1918 ஜூனில் அரைப் பென்னியிலிருந்து ஒரு பென்னியாக உயர்ந்ததால், அரைப் பென்னித் தலை மட்டும் ஒட்டிய உள்நாட்டு அட்டை அதற்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் இவையெல்லாம் அட்டை அச்சான அல்லது அனுப்பப்பட்ட காலத்தைத்தான் சொல்லும்; ஒரே படத்தைப் பல ஆண்டுகள் அச்சிட்டு விற்றதால், படம் எடுத்த காலம் அதற்கு வெகு முன்னதாகவும் இருக்கலாம். அஞ்சல் முத்திரையில் உள்ள ஊரையும் முடிவாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் காலையில் ஓர் ஊரில் வாங்கிய அட்டையை மாலையில் அடுத்த ஊரில் தபாலில் சேர்த்தவர்கள் உண்டு.

பதிப்பாளரின் அடையாளம் பெரிய உதவி. ஜே.வி. என்பது டண்டீ நகரின் ஜேம்ஸ் வாலன்டைன் நிறுவனத்தையும், எல்.எல். என்பது பிரான்சின் லெவி நிறுவனத்தையும் குறிக்கும். அடையாளத்தை ஒட்டி வரிசை எண்ணும் இருந்தால், அதே பதிப்பாளரின் முன்பின் எண்கள் கொண்ட அட்டைகளைத் தேடிப் பாருங்கள். அவை ஒரே ஊரைச் சேர்ந்தவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இனி முன்புறத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழ் வையுங்கள். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் உருவானது. அதில் ஓர் எல்லைக்கு மேல் எதுவும் தெளியாது. புள்ளியே இல்லாமல் நிழலும் ஒளியும் இழைந்து சென்றால் அது நேரடிப் புகைப்படத் தாள். அதை 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் கடைப் பலகையின் எழுத்துகள்கூடச் சில நேரம் படிக்கக் கிடைக்கும். வண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தில் வண்ணம் ஏற்றியவர் அந்த ஊரைப் பார்த்தே இருக்க வேண்டியதில்லை என்பதால், சிவப்பாகத் தெரியும் சுவர் உண்மையில் வெண்கல்லாக இருக்கலாம். நிலவும் மேகமும் படகும் பின்னர் சேர்க்கப்பட்டவையாகவும் இருக்கலாம். எழுத்துகள் திரும்பித் தெரிந்தாலோ, ஆண்களின் கோட்டுப் பொத்தான்கள் அணிந்தவரின் இடப்பக்கம் இருந்தாலோ நெகட்டிவ் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. உடனே படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கம் என்று நான் சொல்வது கரையையும் சேர்த்துத்தான். வெண்சுண்ணப் பாறை தெரிந்தால் தேட வேண்டிய கடலோரம் வெகுவாகச் சுருங்கிவிடும். மணல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய தடுப்புகளான தூண்டில் வளைவுகளில் மணலும் கூழாங்கல்லும் எந்தப் பக்கம் மேடாகச் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். இங்கிலாந்தின் தென்கரையில் அவை பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதால் மேற்குப் பக்கமே மேடாகும், அதிலிருந்து நீங்கள் எத்திசை நோக்கிப் பார்க்கிறீர்கள் என்பது தெரியும். பியரின் நடுவே ஒரு துண்டு காணாமல் இருந்தால், 1940இல் ஜெர்மன் படையெடுப்புக்கு அஞ்சிப் பல பியர்களைத் துண்டித்த காலத்தை அது நினைவூட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஈஃபில் கோபுரம் போன்ற ஒன்று கடற்கரை அட்டையில் தெரிந்தால், 1894இல் திறந்து இன்றும் நிற்கும் பிளாக்பூல் கோபுரம் என்றே எவரும் சொல்வார்கள். ஆனால் மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் நியூ பிரைட்டன் என்ற ஊரிலும் ஒரு கோபுரம் இருந்தது. பிளாக்பூலின் உயரம் 518 அடி, இதன் உயரமோ 567 அடி. எஃகுக் கோபுரம் 1919 முதல் 1921க்குள் பிரிக்கப்பட்டது. அடியில் இருந்த செங்கல் கட்டடம் மட்டும் 1969இல் தீப்பிடிக்கும் வரை நின்றது. கோபுரத்தை மட்டும் பார்ப்பவர் குழம்புவார். அதே படத்தில் பெர்ச் ராக் கோட்டையையும் அதன் அருகே உள்ள கலங்கரை விளக்கத்தையும் கவனிப்பவருக்குக் குழப்பம் இல்லை. கோபுரமே இல்லாமல் பெரிய செங்கல் கட்டடம் மட்டும் தெரிந்தால், கோபுரம் பிரிக்கப்பட்ட பின் எடுத்த படம் என்ற காலக் குறிப்பும் கிடைத்துவிடுகிறது.

ஓர் ஊர் மனத்தில் பட்டதும் பழைய நிலப்படத்தை எடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் பழைய படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மைலுக்கு 25 அங்குல அளவுப் படங்களில் இசைமேடையும் கொடிக்கம்பமும்கூடப் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். அஞ்சலட்டையில் ஒன்றன் பின் ஒன்றாக நேர்க்கோட்டில் அமைந்த இரண்டு பொருள்களை, உதாரணமாக ஒரு தேவாலயக் கூம்பையும் ஒரு வீட்டின் மூலையையும், தேர்ந்து நிலப்படத்தில் அவற்றின் வழியே கோடு இழுங்கள். வேறொரு இணைக்கும் அவ்வாறே செய்தால், இரு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் கேமரா நின்றிருக்க வேண்டும். அந்த இடம் கடலுக்குள் விழுந்து, அங்கே பியரும் இல்லையென்றால், ஊரைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். கடல் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே அமையும் என்பதும் உதவும்: அக்கோடு ஓர் இரண்டு மாடி வீட்டின் கூரையைத் தொட்டால், படம் எடுத்தவர் அவ்வளவு உயரத்தில், குன்றிலோ மாடியிலோ நின்றிருக்கிறார்.

ஒப்பிடும்போது கடைமுகப்புகளை விட்டுவிட்டு, அவ்வளவு எளிதில் மாறாத கூரைவரியையும் புகைபோக்கிகளையும் மேல்மாடிச் சன்னல்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். பத்துப் பொருத்தங்களைவிட, விளக்கம் சொல்ல முடியாத ஒரு முரண்பாட்டுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். சன்னல் ஒன்று கூடுதலாக இருந்து, அது பின்னர் அடைக்கப்பட்டதற்கான தடயம் கிடைக்காவிட்டால் முடிவைத் தள்ளிப்போட வேண்டும். முடிவு உறுதியானதும் ஊர், கட்டடம், கால எல்லை, எந்தெந்தச் சான்றுகளால் அவை தெரிந்தன என்பவற்றை அட்டையின் மேல் எழுதாமல், தனித்தாளில் பென்சிலால் எழுதி அட்டையோடு வையுங்கள். அந்த ஊரின் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ படியை அனுப்பும்போது இருபுறத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.