மலைப்பள்ளியிலிருந்து இன்ஸ்பயர் மானக் விருதுக்கு மாணவர்களைத் தயார் செய்வது எப்படி?

நான் நீலகிரியில் குந்தா பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் துளை போட்டு ஆய்வக வாசலில் வைத்துவிடுவேன். பிள்ளைகள் வீட்டில், தேயிலைத் தோட்டத்தில், வரும் வழியில் பார்க்கிற தொல்லைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: தொல்லையை மட்டும் எழுத வேண்டும், தீர்வை எழுதக் கூடாது. ஏன் அப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும், குஜராத்தில் காந்திநகரை ஒட்டி இயங்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது இன்ஸ்பயர் மானக் விருது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இதற்குத் தகுதி உண்டு. ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். நாடு முழுவதும் வருகிறவற்றில் ஒரு லட்சம் யோசனைகள் வரை தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் வங்கிக் கணக்கிலும் 10,000 ரூபாய் நேரடியாகப் போடுவது இலக்கு. அந்தப் பணத்தில் பிள்ளை தன் யோசனையின் மாதிரியைச் செய்து மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து மாநிலம், பிறகு தேசியம். மாநில அளவுக்கு 10,000 பேர், தேசிய அளவுக்கு 1,000 பேர், கடைசியில் 60 பேர் என்று வடிகட்டிக்கொண்டே போவார்கள்.

இந்தப் படிக்கட்டைக் காட்டிப் பிள்ளைகளை மலைக்க வைக்காதீர்கள். எனக்கு முக்கியம் முதல் படி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் யோசனையை நம்பி அரசாங்கம் அதன் பெயரிலேயே பணம் போடுகிறது. இது நம் பிள்ளைகள் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

கணக்கை முதலில் சரி செய்யுங்கள்

யோசனை, மாதிரி எல்லாவற்றுக்கும் முன்னால் வங்கிக் கணக்கு. நான் முதல் முறை விண்ணப்பித்த ஆண்டில் எங்கள் பையன் ஒருவன் தேர்வானான். ஆதாரில் அவன் பெயரோடு அப்பா பெயர் முழுதாக இருந்தது. பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும். அதோடு, கல்வி உதவித்தொகைக்காக எப்போதோ தொடங்கிய அந்தக் கணக்கு வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடந்தது. பணம் வரவில்லை. அவன் அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று முறை வங்கிக்குப் போனார். ஒவ்வொரு முறையும் இன்னொரு காகிதம் கேட்டு அனுப்பினார்கள். கடைசியில் அவன் அட்டையில் மாதிரி செய்துகொண்டு வந்து நின்றான். அன்று அவன் முகத்தைப் பார்த்த பிறகு நான் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன்.

இப்போது ஜூன் மாதமே வகுப்பில் எல்லோருடைய பாஸ்புக்கையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பார்க்கிறேன். பெயர், பிறந்த தேதி, இனிஷியல் எந்தப் பக்கம், கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, கடைசி வரவு எப்போது. முடங்கிய கணக்கு என்றால் பெற்றோரோடு வங்கிக்குப் போய் அடையாள ஆவணங்களைக் கொடுத்து உயிர் கொடுக்கச் சொல்கிறேன். ஜூலையில் மழை பலத்தால் மரம் விழுந்து பாதை அடைபடும், மின்சாரம் போகும், சிக்னலும் போகும். மலையில் இருக்கிறவர்கள் இந்த வேலையை மழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

விண்ணப்பத் தளத்தில் பள்ளி ஒருமுறை பதிவு செய்துகொண்டால் போதும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே கணக்கில் நுழையலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாக உள்ள யுடைஸ் எண்ணும் தலைமையாசிரியரின் விவரங்களும் கேட்கும். நீங்கள் அனுப்புவது மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகத்தான் மேலே போகும். அதனால் கடைசி நாள் வரை காத்திருக்காமல் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். கடைசி நாள் எது என்பதற்கு அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தேதியை நம்பாதீர்கள்.

யோசனை யாருடையது?

சரி, இனி பிஸ்கட் டின்னுக்கு வருகிறேன்.

யோசனை கேட்டால் பிள்ளைகள் யூடியூபில் பார்த்ததைத்தான் தருவார்கள். நடந்தால் மின்சாரம் தரும் செருப்பு, கண் தெரியாதவர்களுக்குச் சத்தம் போடும் கைத்தடி, தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி. பிள்ளைகள்மேல் தவறில்லை. தீர்வைக் கேட்டால் ஏற்கெனவே பார்த்த தீர்வுதான் வாயில் வரும். தொல்லையைக் கேட்டால் அவரவர் வீட்டுத் தொல்லை வரும். அதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

சில ஆசிரியர்கள் நேரமில்லாமல் தாங்களே ஐந்து யோசனை எழுதி ஐந்து பெயரில் ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாவட்டக் கண்காட்சியில் நடுவர் பிள்ளையிடம் கேட்கிற முதல் கேள்வியே ‘இது உனக்கு எப்படித் தோன்றியது?’ என்பதுதான். தனக்குத் தோன்றாத ஒன்றைப் பற்றி அந்தக் கேள்வி வரும்போது பிள்ளை கூனிக் குறுகி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் பிறகு எல்லா அறிவியல் வகுப்பிலும் அதோடு கூடவே வரும்.

ஒரு வருடம் டின்னில் கிடந்த சீட்டு ஒன்றில் ‘அம்மாவின் இலையை ஈரம் என்று கழிக்கிறார்கள்’ என்று மட்டும் இருந்தது. எழுதியவள் எட்டாம் வகுப்புப் பெண். அவர்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. மழை நாளில் பறிக்கிற பச்சை இலையில் தண்ணீர் இருக்கிறது என்று எடை போடுகிறவர் மூட்டைக்கு இத்தனை கிலோ என்று ஒரு குத்துமதிப்பாகக் கழித்துவிடுவார். உண்மையில் எவ்வளவு தண்ணீர் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

நான் அவளிடம் தீர்வு கேட்கவில்லை. ஆய்வகத் தராசைக் கொடுத்து, அளந்துகொண்டு வா என்றேன். பறித்த கையோடு ஒரு கிலோ நிறுத்து, வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டு, அரை மணி கழித்து மறுபடி நிறுத்தாள். தூறல் நாள், கனமழை நாள், பனிமூட்டம் மட்டும் இருந்த நாள் என்று எட்டு நாள் எழுதினாள். மூட்டைக்குள் இறுக அடைத்தால் தண்ணீர் இறங்குவதில்லை, பரப்பினால் இறங்குகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகுதான், ‘டீச்சர், கூடையை மெதுவாகச் சுற்றினால் என்ன?’ என்று கேட்டாள்.

வேகமாகச் சுற்றினால் இலை கசங்கும். கசங்கிய பச்சை இலை காற்றுப் பட்டுச் சிவக்கத் தொடங்கிவிடும், விலை போகாது. அதனால் எந்த வேகத்தில் இலை சிவக்கவில்லை என்று பார்ப்பதே அவள் ஆய்வாகிவிட்டது. மின்சாரம் இல்லாமல், தோட்டத்து ஓரத்தில் வைத்துக் கையால் சுற்றக்கூடிய வலைக்கூடை. அந்த எட்டு நாள் நோட்டும், பென்சிலில் வரைந்த படமும், ஒரு பக்கத் தமிழ் விளக்கமும்தான் நாங்கள் ஏற்றியவை. தமிழிலேயே எழுதலாம், ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன் என்று பிள்ளையின் சொல்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

மதிப்பிடுகிறவர்கள் பார்ப்பது இவைதான்: யோசனை புதியதா, சமூகத்துக்குப் பயன்படுமா, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் இருக்குமா, எளிதில் கையாள முடியுமா, இப்போது புழக்கத்தில் இருப்பதைவிட எந்த வகையில் மேல். விளக்கத்தை எழுதி முடித்ததும் இந்த ஐந்தையும் பிள்ளையிடம் கேள்வியாகக் கேளுங்கள். அது சொல்கிற பதிலை அப்படியே சேர்த்துவிடுங்கள். ‘புதியதா’ என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள் உதவ வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து இணையத்தில் தேடுங்கள், விருதுத் தளத்தில் முந்தைய ஆண்டுகளில் தேர்வானவற்றைப் பாருங்கள்.

தேர்வாகாத யோசனையை என்ன செய்வது?

ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வரும் ஒரு பையன் உறைபனி எச்சரிக்கை மணி என்று எழுதினான். தாத்தாவின் உருளைக்கிழங்குச் செடிகள் ஒரே இரவில் கருகியதைப் பார்த்தவன். யோசனை தேர்வாகவில்லை. அப்படிப்பட்ட கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் அவன் கேட்ட ஒரு கேள்வி எனக்கு மறக்கவே இல்லை: ‘தெர்மாமீட்டர் மூணு டிகிரி காட்டும்போதே புல்லில் ஐஸ் இருக்கிறதே, எப்படி டீச்சர்?’

மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். ஆள் உயரத்தில் இருக்கும் காற்றைவிடத் தரையை ஒட்டிய புல் அதிகமாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருக்கும் செடி தப்புவதும் பள்ளத்தில் இருப்பது கருகுவதும் அதனால்தான்.

அவனை இன்னொரு பிள்ளையோடு சேர்த்து தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பினேன். இதுவும் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் 1993 முதல் நடப்பது. இரண்டு பேர் குழுவாகத் தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். பொருள் செய்துகாட்ட வேண்டியதில்லை. கவனித்ததும் அளந்ததும்தான் மதிப்பு. இருவரும் விடியற்காலையில் எழுந்து ஹட்டியைச் சுற்றி எங்கெல்லாம் வெள்ளை படிகிறது என்று வரைபடம் போட்டார்கள். பையனின் தாத்தா அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் நாற்றங்காலைப் பள்ளத்திலிருந்து மேலே மாற்றினார். ஒரு திட்டத்தில் தோற்ற யோசனை இன்னொன்றுக்குப் பொருந்தும். அதனால் டின்னில் விழுந்த எந்தச் சீட்டையும் நான் எறிவதில்லை.

முத்தோரைக்கு ஒரு கடிதம்

நீலகிரியில் இருக்கிற நமக்கு வேறு எந்த மாவட்டத்துக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-இல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். இதைக் கட்டிய வானியலாளர் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் இதற்காகத் தேடியது சுமார் 11 டிகிரி சாய்ந்த, வடக்கு தெற்காக ஓடும் ஒரு சரிவு. ஊட்டியின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. சரிவின்மேலேயே கட்டியதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து பார்க்கலாம். அரசுப் பணத்தில், இந்திய நிறுவனங்களே செய்த வேலை.

தலைமையாசிரியர் கையெழுத்தோடு முன்கூட்டியே அனுமதிக் கடிதம் அனுப்பிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சரிவு சரிவு என்று சலித்துக்கொண்டே நடந்து வருகிற பிள்ளைகள், அந்தச் சரிவுக்காகவே ஒருவர் தேடி வந்தார் என்று கேட்டதும் அமைதியாகிவிடுவார்கள். அடுத்த வாரம் டின்னில் விழுகிற சீட்டுகள் வேறு மாதிரி இருக்கும். இது என் அனுபவம்.

பணம் வந்த பிறகு

10,000 ரூபாய் வந்ததும் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரவு செலவு எழுதச் சொல்லுங்கள். பிள்ளையே எழுத வேண்டும். வலை, கம்பி, பழைய சைக்கிள் பாகம், வெல்டிங் கூலி, பேருந்துக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரசீது. ரசீது தராத கடையில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். முழுப் பணத்தையும் முதல் மாதிரியிலேயே செலவழிக்க விடாதீர்கள். முதலாவது நிச்சயம் சரியாக வராது. எங்கள் பெண் முதலில் மூங்கில் கூடையில் செய்து பார்த்து, அது ஊறி உப்பிய பிறகுதான் அலுமினிய வலைக்குப் போனாள்.

வீட்டில் பணத்தேவை இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் பணம் வருவதற்கு முன்பே பெற்றோரை வரவழைத்து, இது எதற்கான பணம் என்று நிதானமாகப் பேசிவிடுங்கள். நான் பேசிய எந்த அம்மாவும் அப்பாவும் இதுவரை மறுத்ததில்லை.

மாதிரி பேருந்து வாசலில் நுழைய வேண்டும். இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். நாங்கள் காலை முதல் பேருந்தில் ஏறி ஊட்டிக்குப் போக வேண்டியவர்கள். ஆட்டோ, வேன் என்று போனால் பாதிப் பணம் அதிலேயே போய்விடும். மாதிரியின் கால்களைக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். ஒரு ஸ்பானர், நாலு உபரி போல்ட், பழைய போர்வை கூடவே வரட்டும்.

கண்காட்சியில் பிள்ளை தமிழிலேயே பேசட்டும். மனப்பாட உரை வேண்டாம். ஒத்திகைக்கு நான் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அக்காவைக் கூப்பிடுவேன். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால் யாருக்கும் புரியும். தவிர, ‘இதை யார் வாங்குவாங்க? விலை என்ன?’ என்று அவர் கேட்கிற கேள்விகள் நடுவர்களின் கேள்விகளைவிடக் கூர்மையாக இருக்கும்.

பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, கல்லூரியில் இயற்பியல், வேதியியல், தாவரவியல் மாதிரி அடிப்படை அறிவியல் எடுத்தால், அதே இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. இது தெரியாமலே பி.எஸ்சி. படித்து முடித்த என் பழைய மாணவிகள் இருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பெண் மாவட்டத்தைத் தாண்டவில்லை. அவளுடைய கூடை இப்போதும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. மழை நாளில் அம்மா இலையை அதில் போட்டுச் சுற்றிவிட்டுத்தான் எடைக்குக் கொண்டுபோகிறார். கைப்பிடி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று போன வாரம் வந்து அளவு எடுத்துக்கொண்டு போனாள்.